கங்காணியும் ஏஜென்சியும்: வேலைக்கு ஆள் எடுத்தலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

எமது புலம்பெயர் சஞ்சிகைகளில் போர் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இலக்கியம் பற்றி, அடையாளம் பற்றி, பெண்ணியம் பற்றி, சாதியம் பற்றி வாதங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் புலம்பெயர்ந்த தமிழர் தமது விழித்திருக்கும் நேரத்தின் பெரும் பகுதியை எங்கு கழிக்கிறார்களோ, அந்த வேலைத்தலம் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வேலைத்தலத்தின் வாசற்படி பற்றி, அதாவது ஒருவர் எப்படி உள்ளே எடுக்கப்படுகிறார் என்பது பற்றி, அனேகமாக எதுவுமே எழுதப்படவில்லை.

இது இன்று தொழிலாளரின் பிரச்சினை மட்டுமல்ல. ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் பலர் இப்போது முதலாளிகள். பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, கேட்டரிங், துப்புரவு ஒப்பந்தம், அச்சகம், வாகனம் திருத்தும் இடம் என்று ஐந்து பேர், பத்துப் பேர், இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறார்கள். சிறு வியாபாரிகளுக்கான ஆலோசனைப் பத்திகள், ஆள் எடுப்பதிற் புதிய போக்குகள் என்று சிலவற்றை அவர்களுக்கு எடுத்துச் சொல்கின்றன: ஏஜென்சி மூலம் எடுங்கள், குறுகிய ஒப்பந்தத்தில் எடுங்கள், இருக்கிற வேலையாட்களின் அறிமுகத்தில் எடுங்கள், விண்ணப்பங்களைக் கணினியைக் கொண்டு சலித்தெடுங்கள். இவற்றில் இயந்திரத்தைத் தவிர வேறெதுவும் புதிதல்ல என்பதே எனது வாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் தமிழருக்கும் ஒரு பெரிய பங்குண்டு.

ஆள் எடுக்கும் எந்த முறையையும் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். ஆளைத் தெரிவு செய்பவர் யார்? அத் தெரிவுக்கான செலவைச் சுமப்பவர் யார்? கை வெட்டுப்பட்டாலோ வேலை இல்லாமற் போனாலோ பொறுப்பு யாருடையது? இம் மூன்றுக்கும் ஒரே ஆள் விடையாக இருந்தால் அவரை முதலாளி என்கிறோம். இம் மூன்றையும் பிரித்து வெவ்வேறு தலைகளிற் கட்டிவிடுவதுதான் இடைத்தரகு முறையின் சாரம்.

1. துண்டு

இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கிய 1830கள், 1840களில் இருந்து தமிழ்நாட்டு மாவட்டங்களில் இருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கொண்டுவந்தவர் கங்காணி. அவர் தோட்டத்துரையிடம் முற்பணம் பெற்றுக்கொண்டு தன் ஊருக்குப் போவார். உறவு, சாதி, அயல் என்ற வலையை வீசுவார். வழிச்செலவு, உடுதுணி, ஊரிற் பட்ட கடன் எல்லாவற்றையும் அம் முற்பணத்தில் இருந்து கட்டி, ஆட்களைக் கூட்டிவருவார். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளி கடனாளி. ஆளைத் தெரிவு செய்தது கங்காணி. செலவைச் சுமந்தது தொழிலாளி. பயனை அனுபவித்தது தோட்டம்.

சில்லறைக் கங்காணி, பெரிய கங்காணி என்று படிநிலைகள் இருந்தன. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அதற்கேற்பத் தலைக்கு இவ்வளவு என்று பெரிய கங்காணிக்கு ஒரு காசு கிடைத்தது. ஆகவே ஆட்களைத் தன் கையில் வைத்திருப்பதே அவரது வருமானம். ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' என்ற கடதாசி வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அழியாது, புதிய கணக்குக்கு மாறும். அறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டு ஓடினால் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிறைக்கும் அனுப்பலாம். 1904இல் தோட்டத்துரைமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகத்தை நிறுவி ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்த முயன்றபோதும் கங்காணி மறையவில்லை. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சட்டம் 1927இல் வந்தது.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: 'தற்காலிகம்'. நூறு ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக மலையில் வேலை செய்த இம் மக்களை, வந்து போகிறவர்கள், தற்காலிகமானவர்கள் என்றே கொழும்பின் அரசியல்வாதிகள் பேசினார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய போது அச் சொல்லே நியாயமாகக் காட்டப்பட்டது. ஆகவே ஆள் எடுக்கும் முறை என்பது வெறும் பொருளாதார ஏற்பாடு அல்ல. ஒரு மனிதர் எந்த வாசலால் உள்ளே வந்தார் என்பதை வைத்து, அவர் இருக்க உரித்துடையவரா இல்லையா என்று பிறகு தீர்ப்பளிக்கப்படுகிறது.

2. மொன்றியலின் 'அரசன்'

கங்காணி எமக்கே உரிய ஒரு கீழைத்தேய விநோதம் என்று எண்ணுபவர்கள் கனடாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1880களின் முற்பாதியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளூடாக ரயில் பாதை போட்டபோது பல்லாயிரம் சீனர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் கொண்டுவரப்பட்டார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டொலர் சம்பளம். வெள்ளைத் தொழிலாளி பெற்றதை விட அது குறைவு. அதிலும் ஒப்பந்தக்காரருக்குக் கழிவு போனது. உணவையும் அவர்களிடமே வாங்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் வெடிவிபத்திலும் நோயிலும் இறந்தார்கள். பாதை முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, இனி வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. அது 1900இல் 100 டொலராகவும் 1903இல் 500 டொலராகவும் ஏறியது.

அடுத்தது இத்தாலியர். மொன்றியலில் அன்ரோனியோ கொர்டாஸ்கோ என்றொருவர் இருந்தார். கனடிய பசுபிக் ரயில் கொம்பனிக்கு இத்தாலியத் தொழிலாளரைச் சேர்த்துக் கொடுக்கும் முகவர். ஆளுக்கு ஒரு டொலர் கொம்பனியிடம் வாங்கினார். பதிவுக் காசென்று தொழிலாளியிடமும் வாங்கினார். மேற்பார்வையாளராகப் போக விரும்பியவர்களிடம் இன்னும் அதிகமாக வாங்கினார். கப்பல் ரிக்கற் விற்றார், பணம் மாற்றினார், வேலை முகாம்களுக்கு உணவுப் பொருளும் விற்றார். 1904 ஜனவரியில் மொன்றியல் வீதியில் ஊர்வலம் வைத்துத் தன்னை இத்தாலியத் தொழிலாளரின் அரசன் என்று முடிசூட்டிக்கொண்டார். அவ்வாண்டு வசந்தத்தில், பதிவுக் காசு கட்டிய ஆயிரக்கணக்கான இத்தாலியர் வேலையில்லாமல் மொன்றியல் வீதிகளில் அலைந்தார்கள். அரச விசாரணைக்குழு நியமிக்கப்பட்டது. கொர்டாஸ்கோவின் தில்லுமுல்லுகள் வெளிவந்தன.

ஆனால் கொர்டாஸ்கோ தனியே நின்று இதைச் செய்யவில்லை. தேவைக்கு மேலே ஆட்கள் காத்துக் கிடப்பது ரயில் கொம்பனிக்கு வசதி. காத்துக் கிடப்பதன் செலவைக் கொம்பனி கட்டுவதில்லை. கேள்வி எழுந்தால் முகவரைக் காட்டிவிடலாம். அந்த முகவர் தொழிலாளரின் மொழி பேசுபவர், அவர்களது ஊரவர். இதனால் தொழிலாளரின் கோபம் கொம்பனிக்குப் போகவில்லை, 'எங்கடை ஆளே எங்களை ஏமாத்திப் போட்டான்' என்று உள்ளேயே சுழன்றது. இவ் வாக்கியத்தை நாம் எத்தனை தடவை தமிழிற் கேட்டிருக்கிறோம்!

3. துறைமுக வாசல்

லண்டன் துறைமுகத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆள் எடுத்த விதம் வேறு. அங்கு முற்பணமும் இல்லை, கடனும் இல்லை. விடியற்காலையில் வாசலிற் கூட்டமாக நிற்க வேண்டும். ஆள் எடுப்பவர் விரலை நீட்டித் தெரிவு செய்வார். எடுபட்டவருக்கு ஒரு மணித்தியால வேலையும் கிடைக்கலாம், ஒரு நாள் வேலையும் கிடைக்கலாம். எடுபடாதவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம்.

1889 ஓகஸ்ட்டில் இத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களது கோரிக்கை மணித்தியாலத்துக்கு ஆறு பென்ஸ் என்றே பொதுவாக நினைவுகூரப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்களது மற்றக் கோரிக்கை: ஒருவரை வேலைக்கு அழைத்தால் குறைந்தது நான்கு மணித்தியாலத்துக்காவது அழைக்க வேண்டும். ஐந்து கிழமை போராடி வென்றார்கள். அவுஸ்திரேலியத் தொழிலாளர் 30,000 பவுண் அளவிற் சேர்த்து அனுப்பியது அவ் வெற்றிக்குப் பேருதவியாக இருந்தது. ஆனால் வாசலில் நிற்கும் முறை மேலும் பல காலம் நீடித்தது. 1947இல் வந்த தேசியத் துறைமுகத் தொழிற் திட்டமே அதற்கு முடிவு கட்ட முனைந்தது. அத் திட்டமும் 1989இல், வேலைநிறுத்தம் நடந்து சரியாக நூறு ஆண்டுகளின் பின், ஒழிக்கப்பட்டது.

ஒன்ராறியோவில் இன்று ஒரு விதி உண்டு. வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் ஒருவரை அழைத்து, இடையில் வேலை இல்லை என்று அனுப்பினால், பொதுவாக அவருக்கு மூன்று மணித்தியாலச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். எமது கடைக்காரர் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் இதை அரசாங்கத்தின் தொல்லைகளுள் ஒன்றாகவே காண்கிறார்கள். இத்தகைய விதிகளுக்குப் பின்னால் லண்டன் துறைமுக வாசலிற் பட்டினியோடு நின்றவர்களின் போராட்டம் இருக்கிறது.

4. 'நாங்கள் முகவர் அல்ல, முதலாளி'

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வேலை விற்கும் கடைகள் பெருகின. ஒரு டொலர் கட்டினால் மரம் வெட்டும் முகாமிலோ ரயில் பாதையிலோ வேலை. முகாமின் மேற்பார்வையாளரும் வேலை விற்பவரும் அந்த டொலரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆகவே எடுத்த ஆளைச் சில நாட்களில் நிறுத்திப் புதிய ஆளை எடுப்பது இருவருக்கும் இலாபம். ஒரு கூட்டம் வந்துகொண்டும், ஒரு கூட்டம் வேலை செய்துகொண்டும், ஒரு கூட்டம் போய்க்கொண்டும் இருக்கிறது என்று தொழிலாளர் கசப்போடு பகிடி விட்டார்கள். 1909இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் இவர்களுக்கு எதிராக வீதியில் நின்று பேசியதற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். 1914இல் அம் மாநில மக்கள் வாக்களித்து, தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தார்கள். 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத் தடையைச் செல்லாது என்றது.

ஆனால் உலகக் கருத்து அந்தத் திசையிலேயே போனது. கனடா 1918இல் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான சட்டத்தை இயற்றியது. 1919இல் கூடிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதல் மகாநாடு, இலவசமான அரச வேலைவாய்ப்பு நிலையங்களை வலியுறுத்தியது. 1933இல் அத் தாபனம் கட்டணம் வாங்கும் முகவர் நிலையங்களையே ஒழிக்கக் கோரும் சமவாயத்தை நிறைவேற்றியது. வேலை என்பது விற்கப்படும் சரக்கல்ல என்பது ஒரு காலத்தின் பொது ஒழுக்கமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் பின் புதிய உத்தி வந்தது. 1946இல் டிட்ரோயிற்றில் கெலி, 1948இல் மில்வாக்கியில் மான்பவர் என்று நிறுவனங்கள் தோன்றின. இவை தம்மை வேலை தேடித் தரும் முகவர் என்று சொல்லவில்லை. நாங்களே முதலாளி, எங்கள் வேலையாளை வாடிக்கையாளருக்கு அனுப்பி வைக்கிறோம் என்றன. முகவருக்குரிய சட்டம் முதலாளிக்குப் பொருந்தாது. அமெரிக்க மாநிலம் மாநிலமாக வாதாடி இவ் விளக்கத்தை நிலைநாட்டினார்கள். ஆரம்பத்தில் இது வீட்டுப் பெண்கள் கைச்செலவுக்காகச் செய்யும் அலுவலக வேலை என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. குடும்பத்தைக் காப்பாற்றும் வேலையல்லவே, குறைந்த சம்பளம் போதும் என்பது அதன் உட்பொருள். பின்னர் அதே வடிவம் தொழிற்சாலைக்கும் பண்டகசாலைக்கும் வந்தது. 1997இல் சர்வதேசத் தொழில் தாபனமே தனியார் முகவர் நிலையங்களை ஏற்றுக்கொண்டு, தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற அளவில் நின்றுகொண்டது.

5. கண்ணுக்குத் தெரியாத துண்டு

ஊரில் நான் வரலாறு கற்பித்தேன். இங்கு ஒரு உணவுத் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் ஏஜென்சி மூலம். விண்ணப்பத்தில் இருந்து பட்டங்களை எடுத்துவிடும்படி ஏஜென்சியிற் சொன்னார்கள். படித்தவன் நிலைத்து நிற்கமாட்டான் என்பது காரணம். அதிகாலை ஐந்து மணிக்கு வான் வரும். ஓட்டுபவர் எங்களவர், ஏற்றிச் செல்ல நாளுக்கு ஏழு டொலர். ஒரே பட்டியில், ஒரே வேகத்தில், எனக்குப் பக்கத்தில் நின்ற நிரந்தரத் தொழிலாளியை விட மணித்தியாலத்துக்கு நான்கு டொலர் குறைவாகப் பெற்றேன். எனது சுப்பவைசர் ஒரு கொம்பனியின் ஆள். எனது சம்பளச் செக் இன்னொரு கொம்பனியின் தாள். லீவு கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். பட்டியிற் கை அகப்பட்ட ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன பின், அறிக்கையை எந்தக் கொம்பனி நிரப்புவது என்று அரை நாள் தொலைபேசியிற் பேசிக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

இத்தனைக்கும், காயப்படும் தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் ஒன்ராறியோவில் 1914இலேயே இயற்றப்பட்டுவிட்டது. யாருடைய பிழை என்று வழக்காடாமல், முதலாளிகள் எல்லோரும் கட்டும் நிதியத்தில் இருந்து கொடுப்பது என்பதே அதன் பெரிய சிந்தனை. விபத்து அதிகமானால் முதலாளியின் கட்டணமும் கூடும் என்பது பின்னர் சேர்ந்தது. ஆனால் ஏஜென்சித் தொழிலாளி காயப்பட்டால் அது ஏஜென்சியின் கணக்கில்தான் ஏறியது. ஆகவே ஆபத்தான வேலையை ஏஜென்சி ஆளுக்குக் கொடுப்பது தொழிற்சாலைக்கு இலாபமாயிற்று. எனது மூன்றாவது கேள்வி இங்குதான் உயிர் பெறுகிறது.

சட்டம் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தது. 2009இல் ஒன்ராறியோ, ஏஜென்சிகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது. பொது விடுமுறைச் சம்பளத்தையும் உரித்தாக்கியது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏஜென்சி சம்பளம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய இடமும் பொறுப்பு. 2017இல் சம வேலைக்குச் சம சம்பளம் என்று ஏஜென்சித் தொழிலாளருக்கும் சட்டமாகி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆட்சி மாறியது, அவ்வாண்டு முடிவதற்குள் அது ரத்துச் செய்யப்பட்டது. ஒன்பது மாதங்கள் மட்டுமே வாழ்ந்த நீதி அது. 2024 ஜூலையில் இருந்து ஏஜென்சிகளுக்கு அனுமதிப்பத்திரமும் 25,000 டொலர் பிணையும் கட்டாயம். அனுமதிப்பத்திரம் இல்லாத ஏஜென்சியிடம் தெரிந்துகொண்டு ஆள் எடுப்பவரும் குற்றவாளி. எனவே கோயிலிற் சந்தித்த ஒருவர் 'அண்ணை, நாளைக்கு நாலு பெடியளை அனுப்புறன்' என்று சொன்னால், சிறு வியாபாரி முதலிற் கேட்க வேண்டியது அந்தப் பத்திரத்தையே.

2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விடயம் உண்டு. ஏஜென்சி அனுப்பிய ஆளை வேலை வாங்கும் இடம் நேரடியாக எடுக்க விரும்பினால், ஏஜென்சி அதனிடம் கட்டணம் கேட்கலாம். ஆனால் ஆள் அங்கு வேலை தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் மட்டுமே. அதன் பின் கேட்க முடியாது. நேரடியாக எடுப்பதைத் தடுக்கவும் முடியாது. இதை வாசித்தபோது துண்டு என் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். அங்கு கடன் தொழிலாளியின் தலையில் இருந்தது, பின்னால் சிறை இருந்தது. இங்கு இரண்டும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதரை ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற விலை கட்ட வேண்டும் என்ற எண்ணம் ஒன்றேதான்.

6. 'தம்பி எந்த ஊர்?'

ஏஜென்சியிடம் போகாமல், தெரிந்தவர் மூலம் எடுப்பது நல்லதல்லவா என்று கேட்கலாம். எமது சிறு கடைகளில் அதுதானே வழமை. இதற்கும் வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மக்கள் இலங்கையின் தெற்கெங்கும் கடைகளும் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தினார்கள். கடைக்கு ஊரில் இருந்து உறவுக்காரப் பெடியன் ஒருவன் கூட்டிச் செல்லப்படுவான். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, சம்பளம் என்பது முதலாளியின் மனத்தில் இருக்கும் ஒரு கணக்கு. கெட்டிக்காரனாயின் சில ஆண்டுகளில் அவனே ஒரு கடை போடுவான், முதலாளி கைகொடுப்பார். இந்த ஏணியில் ஏறியவர்கள் பலர். அதை நான் மறுக்கவில்லை. கடை, கந்தோர் ஊழியர் சட்டம் 1954இல் வந்து வேலை நேரத்தையும் விடுமுறையையும் வரையறுத்தது. உறவு என்ற போர்வைக்குள் அச் சட்டம் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதைக் கடையின் பின்னறையில் படுத்தவர்கள் சொல்வார்கள்.

ஆனால் அந்த ஏணி எல்லோருக்குமாகச் சாத்தப்பட்டிருக்கவில்லை. ஊரவன், உறவுக்காரன் என்றால் சாதிக்காரன் என்றே பொருள். 1960களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுக்குள் நுழையப் போராட வேண்டியிருந்தது. உள்ளே இருந்து குடிக்கவே விடாத கடை, அடுப்படியில் வேலைக்கு எடுத்திருக்குமா? 'தெரிந்தவர் மூலம்' என்ற முறையில் அறிவித்தலும் இல்லை, மறுப்பும் இல்லை, ஆகவே பாகுபாட்டுக்குச் சாட்சியும் இல்லை. இன்று ரொறன்ரோவில் ஒரு தமிழ்க் கடையில் வேலை கேட்டுப் போகும் இளைஞரிடம் 'தம்பி எந்த ஊர்?' என்று கேட்கப்படுகிறது. ஊர் சொன்னதும் 'ஊரிலை எந்தப் பக்கம்?' என்பது அடுத்த கேள்வி. அக் கேள்வியின் நோக்கம் எமக்கெல்லாம் தெரியும்.

வெள்ளையர் எம்மிடம் கேட்ட கேள்வி வேறு: 'கனடிய அனுபவம் உண்டா?' அதுவும் ஊர் கேட்பதுதான், நாகரிகமான மொழியில். கனடிய அனுபவம் கேட்பது முதற் பார்வையிலேயே பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இற் கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரியில் இருந்து, பகிரங்க வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பது சட்டப்படி தடை. சம்பள வீச்சைக் குறிப்பிடுவதும், விண்ணப்பங்களைச் சலிக்கச் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டால் அதைச் சொல்வதும் கட்டாயம். ஆனால் இவ் விதிகள் 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கே. எமது கடைகள் பெரும்பாலும் இதற்கு வெளியே. இலங்கையிலும் 1971ஆம் ஆண்டு வேலைநீக்கச் சட்டம் 15 பேருக்குக் குறைவான இடங்களைத் தொடவில்லை. சிறியவர் என்பதாற் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் இடத்திலேயே, எம் போன்ற அகதிகளும் புதிதாக வந்தவர்களும் முதல் வேலையைத் தேடுகிறார்கள்.

7. சிறு முதலாளியின் பக்கம்

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னேன். அவர் என்னிடம் முன்னர் ஊரிற் படித்தவர். "சேர், சட்டமெல்லாம் சரி. வாடகை, ஹைட்ரோ, இன்சூரன்ஸ், டிலிவரிக்காரன்ரை கொமிசன் எல்லாம் குடுத்து மிஞ்சுறது என்ன எண்டு உங்களுக்குத் தெரியுமோ? நானும் மனிசியும் பதினாலு மணித்தியாலம் நிக்கிறம். எங்களுக்கு ஆர் சம்பளம் தாறது?" என்றார். இது ஒதுக்கிவிடக் கூடிய வாதமல்ல.

1897இல் பின்னாளிற் பிரதமரான மக்கென்சி கிங், அப்போது இளம் ஆய்வாளர், ரொறன்ரோவின் தையற் கூடங்கள் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அரசாங்கத்தின் தபால் ஊழியருக்கான சீருடைகளே ஒப்பந்தம், துணை ஒப்பந்தம் என்று இறங்கி, வீட்டு அறைகளில் மிகக் குறைந்த கூலிக்குத் தைக்கப்படுவதைக் கண்டார். அவரது 1898ஆம் ஆண்டு அறிக்கையின் பின் அரச ஒப்பந்தங்களில் நியாயச் சம்பள நிபந்தனை வந்தது. அங்கு கூலியைக் குறைத்தவர் கண்முன்னே நின்ற சிறிய துணை ஒப்பந்தக்காரர். ஆனால் விலையைத் தீர்மானித்தவர் மேலே இருந்தார். துப்புரவு ஒப்பந்தம் செய்யும் எமது சிறு முதலாளிக்கும் இதே கதைதான். கட்டடச் சொந்தக்காரர் கொடுக்கும் விலையில் சட்டப்படியான சம்பளம் கட்டுப்படியாகாது. ஆகவே கையிற் காசு, அல்லது வேலையாளைச் 'சுயதொழில் செய்பவர்' என்று எழுதிவிடுவது. இது 2017இல் இருந்து ஒன்ராறியோவில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்ட செயல். அகப்படுபவர் சிறு முதலாளி. விலையைத் தீர்மானித்தவர் அகப்படுவதில்லை.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில் இது. உங்களை நெருக்குபவர் உங்கள் பாத்திரம் கழுவுபவர் அல்ல. மேலே இருந்து வரும் நெருக்குதலைக் கீழே இறக்கிவிடும் குழாயாக நீங்கள் இருக்கும் வரை, மேலே இருப்பவர் விலையைக் குறைத்துக்கொண்டே இருப்பார். கங்காணியும் ஒரு காலத்திற் கூலியாகவே வந்தவர். கொர்டாஸ்கோவும் புலம்பெயர்ந்தவரே. இருவரும் தம் மக்களை விற்று ஏறிய உயரம் துரையின் பங்களாப் படி வரைக்குந்தான்; உள்ளே அழைக்கப்படவில்லை.

நடைமுறையிற் செய்யக்கூடியவை பெரிய புரட்சிகள் அல்ல. வேலைக்கு ஆள் தேவை என்றால் சம்பளத்தோடு எழுதிக் கடை வாசலில் ஒட்டலாம். சட்டம் 25 பேருக்கு மேலே கேட்பதை ஐந்து பேரோடும் செய்யலாம். ஊர் கேட்காமல், என்ன வேலை தெரியும் என்று கேட்கலாம். நேரத்தைக் கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். காயப்பட்டால் நட்டஈடு கிடைக்கும் வகையிற் பதிவு செய்யலாம். எமது வர்த்தகர் அமைப்புகள் விருந்துகளுக்கும் விருதுகளுக்கும் செலவிடும் நேரத்திற் சிறிதை, சிறு ஒப்பந்தக்காரர் சேர்ந்து நின்று இதற்குக் கீழே விலை பேசமாட்டோம் என்று சொல்லும் ஏற்பாட்டுக்குச் செலவிடலாம். அன்று துறைமுகத் தொழிலாளர் வென்றதும் சேர்ந்து நின்றுதான்.

தொழிலாளர் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. எம்மிடையே யூனியன் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஏஜென்சியில் இருப்பது தற்காலிகந்தானே என்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். மலையகத்தில் அச் சொல் நூறாண்டு நீடித்தது. எனது தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாகத் 'தற்காலிகமாக' நிற்பவர் ஒருவர் இருக்கிறார்.

சிறு முதலாளிகளையும் தொழிலாளரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியதாகச் சிலர் என்மீது குறை காணக்கூடும். கங்காணியோடு ஒப்பிட்டது அதிகம் என்று வேறு சிலர் கோபிக்கவும் கூடும். இரு தரப்பாரும் எழுத வேண்டும். முக்கியமாக, கடை நடத்துபவர்களும் கடையின் பின்பக்கத்தில் நிற்பவர்களும் எழுத வேண்டும். எமது வேலைத்தல வரலாற்றை எழுதுவதற்கான ஆவணங்கள் எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லை. அவை எமது சம்பளத் துண்டுகளிலும், சம்பளத் துண்டே கிடைக்காதவர்களின் ஞாபகங்களிலும் இருக்கின்றன.